ரெக்கவரா, ரெஸ்ட்டா, விஷ்ஷா? நாலாவது மூவுக்கு ஒரு கணக்கு

"ரெஸ்ட் போட்டால் ஹெச்பி முழுசா ஏறுது. ரெக்கவர் போட்டால் பாதிதான் ஏறுது. அப்புறம் ஏன் எல்லாரும் ரெக்கவரைத் தேடி அலையறாங்க?" போகிமான் வீடியோ கேமில் மற்றவர்களோடு மோத ஆரம்பித்த புதிதில் நான் கேட்ட கேள்வி இது. அதில் போகிமான் என்ற பிராணிகளை மோதவிடுகிறோம்; ஒவ்வொன்றுக்கும் நாலு மூவ், அதாவது செய்யக்கூடிய நாலு வேலைகள். ஹெச்பி என்பது அதன் உயிர்; ரெஸ்ட், ரெக்கவர் எல்லாம் அதைத் திரும்ப ஏற்றும் ஹீலிங் மூவ்கள். மூவ் விளக்கத்தில் உள்ள சதவீதத்தை மட்டும் படித்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். அதற்கு நாம் கொடுக்கும் விலை அந்த விளக்கத்தில் எழுதியிருக்காது. விலை, டர்ன், அதாவது இரு தரப்பும் ஆளுக்கு ஒரு வேலை செய்யும் ஒரு சுற்று. நாம் ஹெச்பி ஏற்றிக்கொண்டிருக்கும் டர்னில் எதிராளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார். அடிப்பார், இல்லையென்றால் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடி அட்டாக்கை இரட்டிப்பாக்குவார், அதுவும் இல்லையென்றால் நம்மை மிரட்டக்கூடிய ஒன்றைச் சாவகாசமாக உள்ளே இறக்குவார்.

ரெஸ்ட் போட்டால் போகிமான் தூங்கிவிடும். போடும் டர்ன் ஒன்று, தூங்கும் டர்ன் இரண்டு. ஆக மூன்று டர்னுக்கு 100 சதவீதம். அதே மூன்று டர்னும் ரெக்கவர் போட்டிருந்தால் 150. முழுசு என்று நினைத்தது குறைவாகவும், பாதி என்று நினைத்தது அதிகமாகவும் மாறிவிடுகிறது. கீழே வரும் எல்லா மூவையும் இந்தத் தராசில்தான் நிறுத்திப் பார்க்கிறேன்.

முதலில் அடியை அளக்க வேண்டும்

எதிரியின் அடி ஒவ்வொன்றும் நம் மொத்த ஹெச்பியில் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் ஹீலிங் மூவைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு தாண்டுவது மாதிரி. கணக்கு எளிது. ஏற்றம் 50 சதவீதம். அடி 10 சதவீதம் என்றால் ஐந்து டர்னில் ஒன்றை ஹீலிங்குக்குக் கொடுத்தால் போதும், மற்ற நாலில் நம் வேலையைப் பார்க்கலாம். அடி 25 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. அடி 40 என்றால் ஐந்தில் நாலு டர்ன் ஹீலிங்கிலேயே போய்விடும். 50-க்கு மேல் என்றால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். ஹீலிங் மூவை மறந்துவிட்டு ஸ்விட்ச் செய்வது, அதாவது வேறு போகிமானை உள்ளே இறக்குவதுதான் மரியாதை.

ஏட்டில் எல்லை 50. களத்தில் நான் வைத்திருக்கும் எல்லை 33. காரணம் கிரிட், அதாவது அதிர்ஷ்டத்தால் வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி. ஏழாம் தலைமுறையிலிருந்து (போகிமான் ஆட்டங்களைத் தலைமுறை கணக்கில்தான் எண்ணுவார்கள்) சாதாரண மூவ் கிரிட்டாக விழ 24-ல் 1 வாய்ப்பு. விழுந்தால் அடி ஒன்றரை மடங்கு. 34 சதவீத அடி ஒரே நொடியில் 51 ஆகிவிடும். 24-ல் 1 தானே என்று தோன்றும். ஆனால் ரெக்கவரை நம்பி ஆட்டத்தை இழுப்பவர் ஒரு அடியோடு தப்புவதில்லை, அடி மேல் அடி வாங்குகிறார். பத்து அடி வாங்கினால் அதில் ஒன்றாவது கிரிட்டாக விழ ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. "எனக்கு மட்டும் எப்பவும் கிரிட் விழுது" என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் இந்தப் பத்து டர்ன் ஆட்டம் ஆடுபவர்களாகத்தான் இருப்பார்கள். நான் உட்பட.

ரெக்கவரும் அதன் சொந்தக்காரர்களும்

ரெக்கவர், சாஃப்ட்-பாயில்ட், ஸ்லாக் ஆஃப், மில்க் ட்ரிங்க்: பெயர்தான் வேறு, வேலை ஒன்று. அதே டர்னில் பாதி ஹெச்பி. நிபந்தனை இல்லை, வானிலை பார்க்காது, எதிரி யார் என்று பார்க்காது. கிடைத்தால் போட்டுவிட்டு யோசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுத்த முடியாமல் செய்தது 2022-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஆட்டங்களான ஸ்கார்லெட், வயலெட். ரெக்கவரின் பிபி (ஒரு மூவை எத்தனை தடவை போடலாம் என்ற எண்ணிக்கை) முதல் மூன்று தலைமுறைகளில் 20, அதன்பிறகு 10, ஒன்பதாம் தலைமுறையில் 5. பிபி அப் கொடுத்து உச்சம் வரை ஏற்றினாலும் 8 தடவைதான். அடி 25 சதவீதம் என்ற நம் பழைய கணக்கில் 16 டர்னில் எல்லாம் காலி. முன்பு டாக்ஸாபெக்ஸ் என்ற போகிமானை முன்னால் நிறுத்திவிட்டு எதிராளியின் பொறுமையைச் சோதித்தவர்கள் இப்போது தங்கள் பிபியை எண்ணிக்கொண்டே ஆடவேண்டியிருக்கிறது. ரூஸ்ட், ரெஸ்ட் இரண்டுக்கும் இதே வெட்டு விழுந்தது. விஷ் 10-லேயே தப்பித்தது; அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

சாஃப்ட்-பாயில்ட் பற்றி ஒரு பழங்கதை. 1996-ல் வந்த முதல் தலைமுறை ஆட்டத்தில் ஒரு பிழை இருந்தது. உச்ச ஹெச்பிக்கும் இப்போதைய ஹெச்பிக்கும் உள்ள இடைவெளி சரியாக 255 அல்லது 511 ஆக இருந்தால் ரெக்கவர், சாஃப்ட்-பாயில்ட், ரெஸ்ட் மூன்றுமே வேலை செய்யாது. சான்சி என்ற போகிமானுக்கு உச்சத்தில் 703 ஹெச்பி உண்டு என்பதால் இரண்டு எண்ணிலும் மாட்டிக்கொள்ள அதற்கு வழி இருந்தது. சாகக் கிடக்கும் நேரத்தில் மருந்து தொண்டைக்குள் இறங்க மறுத்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ரூஸ்ட்: மெதுவாக இருப்பதும் ஒரு வசதி

நாலாம் தலைமுறையில் வந்த ரூஸ்டும் பாதி ஹெச்பிதான் ஏற்றும். கூடவே ஒரு கொக்கி: போட்ட நொடியிலிருந்து அந்த டர்ன் முடியும்வரை ஃப்ளையிங் டைப் போய்விடும். (டைப் என்பது போகிமானின், மூவின் இனம்; எது எதை எத்தனை மடங்கு அடிக்கும் என்பது அதைப் பொறுத்தது.) பறவை தரையில் உட்கார்ந்து இளைப்பாறுகிறது என்று பொருள். இதைப் படித்ததும் "சரி" என்று தலையாட்டிவிட்டுக் கடந்துபோனவன் நான். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

என் கார்விநைட் என்ற பறவைப் போகிமானுக்கு 400 ஹெச்பி. எதிரில் டிங்-லூ. கார்விநைட் ஸ்டீல், ஃப்ளையிங் என்பதால் கிரவுண்ட் மூவான எர்த்குவேக் அதன்மேல் படவே படாது. ஹெச்பி பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, நிம்மதியாக ரூஸ்ட் அழுத்தினேன். எதிராளி எர்த்குவேக் அழுத்தியிருந்தார். பறவைமேல் எர்த்குவேக்கா, விவரம் தெரியாதவர் போல என்று சிரிக்கக்கூட நேரம் கிடைத்தது. கார்விநைட்டின் அடிப்படை ஸ்பீட் 67, டிங்-லூவுடையது 45. ஆக நான் முதலில் ரூஸ்ட் போட்டேன், ஃப்ளையிங் போனது, வெறும் ஸ்டீல் ஆகித் தரையில் உட்கார்ந்தேன், பிறகு எர்த்குவேக் வந்தது. கிரவுண்ட் மூவ் ஸ்டீலுக்கு இரண்டு மடங்கு. ஏறிய 200-ம் கிட்டத்தட்ட அப்படியே இறங்கியது. அடுத்த டர்னும் ரூஸ்ட், அடுத்த டர்னும் எர்த்குவேக். விவரம் தெரியாதவர் யார் என்று அதற்குள் புரிந்துவிட்டது.

இதே இடத்தில் கிரேட் டஸ்க் இருந்திருந்தால் கதை வேறு. அதன் ஸ்பீட் 87. அது முந்திக்கொண்டு கிரவுண்ட் மூவ் போடும்போது கார்விநைட் இன்னும் பறந்துகொண்டிருக்கும், அடி படாது, அதன்பிறகு நான் ரூஸ்ட் போட்டு, டர்ன் முடிவில் மறுபடி பறவையாகிவிடுவேன். அதாவது கிரவுண்ட் மூவுக்கு எதிரே ரூஸ்ட் போட மெதுவாக இருப்பவருக்கே லாபம். எலெக்ட்ரிக் மூவுக்கு நேர் எதிர்: முந்திக்கொண்டு ஃப்ளையிங்கைக் கழற்றிவிட்டால் இரண்டு மடங்கு அடி சாதாரண அடியாகிவிடும்.

இந்தக் கொக்கியையே பலமாக மாற்றிக்கொள்வது டிராகோனைட். டிராகன், ஃப்ளையிங் என்பதால் ஐஸ் மூவ் அதற்கு நாலு மடங்கு. முந்திக்கொண்டு ரூஸ்ட் போட்டால் அந்த டர்னுக்கு இரண்டு மடங்குதான். அதோடு மல்டிஸ்கேல் என்ற அபிலிட்டி (பிறவிக் குணம்) இருந்து, ஹெச்பி முழுசாக ஏறியிருந்தால் விழும் அடி மறுபடி பாதியாகும். நாலு மடங்கு, ஒரு மடங்கில் வந்து நிற்கும். பாதி ஹெச்பி என்ற அதே ஏற்றம் டிராகோனைட்டிடம் போகும்போது ஒரு கவசத்தையும் சேர்த்து மாட்டிவிடுகிறது. ரெக்கவரா ரூஸ்ட்டா என்று இரண்டும் கிடைக்கும் போகிமானில் கேட்டால், ஃப்ளையிங் டைப்பாக இருக்கும் பட்சத்தில் நான் எதிரணியின் ஸ்பீடைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். ஃப்ளையிங் இல்லாத போகிமானுக்கு ரூஸ்ட், ரெக்கவரேதான், வித்தியாசம் ஒன்றுமில்லை.

ரெஸ்ட்டுக்கு ஒரு நியாயம்

டர்ன் கணக்கில் ரெஸ்ட் தோற்றுப்போகிறது என்று மேலே சொன்னேன். ஆனால் அது ஹெச்பியை ஏற்றுவதோடு ஸ்டேட்டஸையும் (விஷம், தீக்காயம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் உபாதை) துடைத்துவிடுகிறது. இதன் மதிப்பு டாக்ஸிக் விஷம் ஏறியபிறகுதான் தெரியும். முதல் டர்னில் 16-ல் 1 பங்கு, அடுத்து 16-ல் 2, அடுத்து 3 என்று அந்த விஷம் வளர்ந்துகொண்டே போகும். எட்டாவது டர்னில் 16-ல் 8, அதாவது பாதி ஹெச்பி. எதிரி விரலைக்கூட அசைக்காமல் இருந்தாலும் அன்றைய ரெக்கவர் முழுக்க விஷத்துக்கே போய்ச்சேரும். ஒன்பதாவது டர்னிலிருந்து ரெக்கவர் போடப்போட இறங்குமுகம். ஸ்விட்ச் செய்து எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் உள்ளே வரும் இன்னொரு போகிமான் அந்த டர்னின் அடியை வாங்கவேண்டும். ரெஸ்ட் போட்டவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

தூங்கும் இரண்டு டர்னை வீணாக்காமல் இருக்க இரண்டு வழி. செஸ்டோ பெர்ரியைக் கையில் கொடுத்தால் உடனே விழித்துக்கொள்ளும்: ஒரே டர்னில் 100 சதவீதம், ஸ்டேட்டஸும் சுத்தம். ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை. அதற்காக டர்னுக்கு டர்ன் கொஞ்சம் ஹெச்பி ஏற்றும் லெஃப்ட்ஓவர்ஸ் மாதிரி ஒரு ஐட்டத்தைத் துறக்கவேண்டும். இரண்டாவது வழி ஸ்லீப் டாக். தூக்கத்திலேயே மற்ற மூன்று மூவில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போடும். அந்த மூன்றில் ரெஸ்ட்டும் ஒன்று, தூங்கும்போது அது வந்தால் டர்ன் வீண். ஆக மூன்றில் ஒரு முறை ஒன்றும் நடக்காது என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவு ஓட்டையோடும் இந்த ஜோடி டோண்டோஸோவில் பிரமாதமாக ஓடுகிறது. அதன் அன்அவேர் அபிலிட்டி எதிரி ஏற்றிவைத்த அட்டாக்கைக் கணக்கிலேயே எடுக்காது. அதனால் அது தூங்கும்போது எதிராளி ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடினாலும் அதற்குப் பிரயோஜனம் இல்லை. தூங்கும் டர்னில் எதிரி என்ன செய்வார் என்பதுதான் ரெஸ்ட்டின் பயமே. அந்தப் பயத்தை அபிலிட்டியே பாதி எடுத்துவிடுகிறது. அன்அவேர் மாதிரி ஒன்றில்லாத போகிமானுக்கு, வேறு ஹீலிங் மூவ் கிடைக்காதபோது மட்டும்தான் நான் ரெஸ்ட் போடுவேன்.

விஷ்: தனக்கு மிஞ்சினால்தான் தானம்

மூன்றாம் தலைமுறையில் வந்தது. இன்று போட்டால் அடுத்த டர்ன் முடிவில்தான் ஏறும். தாமதம் தொல்லைதான். சாதாரணமாக விஷ், அடுத்த டர்ன் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட் என்று ஆடுவார்கள். இரண்டு டர்னில் ஒரு அடி, ஒரு பாதி ஏற்றம். ரெக்கவரும் ஒரு அடிக்கு ஒரு பாதிதான், ஆகவே கணக்கு சமம். ஆனால் இது இரண்டு மூவ் இடத்தைத் தின்றுவிடுகிறது. பதிலுக்கு அந்தக் கூடுதல் டர்னில் லெஃப்ட்ஓவர்ஸ் ஒரு முறை அதிகமாக ஊறும், எதிரிமேல் விஷம் இருந்தால் அது ஒரு படி அதிகமாக ஏறும். தனக்காக மட்டும் என்றால் நான் இதற்காக ரெக்கவரைக் கழற்றமாட்டேன்.

விஷ்ஷின் அசல் பெருமை, போட்டவர் வெளியே போய் வேறொருவர் உள்ளே வந்தாலும் ஏறும் என்பதில் இருக்கிறது. ஐந்தாம் தலைமுறையில் ஒரு விதியை மாற்றினார்கள்: அதுவரை வாங்குபவரின் ஹெச்பியில் பாதி ஏறியது, அதிலிருந்து போட்டவரின் ஹெச்பியில் பாதி. அந்த ஒரு வரியால் பெரிய உடம்புக்காரர்களுக்கு யோகம் அடித்தது. லெவல் 100-ல் ஹெச்பியை முழுக்க வளர்த்த ஆலமமோலாவுக்கு 534. அது போடும் விஷ் 267. ஹெச்பியில் ஈவி (பயிற்சியில் சேர்க்கும் கூடுதல் புள்ளி) எதுவும் போடாத கார்சோம்புக்கு மொத்தமே 357. உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் கார்சோம்ப் ஒரே விஷ்ஷில் முக்கால் ஹெச்பிக்கு வந்து நிற்கிறது. ரெக்கவர் கனவிலும் கற்றுக்கொள்ள முடியாத ஒரு அடிதடிக்காரருக்கு இது கொடுப்பினை. (அதே லெவலில் முழுக்க வளர்த்த பிளிஸ்ஸிக்கு 714. அதன் சாஃப்ட்-பாயில்ட் ஒன்றில் ஏறும் ஹெச்பி ஒரு முழு கார்சோம்ப். பகிர முடியாது, பெருமூச்சு விடலாம்.)

விஷ் போட்டவர் வெளியேறும்போது ரீஜெனரேட்டர் அபிலிட்டி இருந்தால் அவருக்கே மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஆலமமோலாவிடம் அதுவும் இருக்கிறது. கொடுக்கவும் செய்கிறது, கொடுத்துவிட்டு நடந்துபோகும்போது தானும் தேறிக்கொள்கிறது. பிபி வெட்டிலிருந்து விஷ் தப்பியதும் சேர்ந்து, உச்சத்தில் 16 தடவை. நீண்ட ஆட்டம் ஆடும் டீமுக்கு இப்போது நான் ரெக்கவர்காரர் இரண்டுபேரைவிட விஷ்காரர் ஒருவரைத்தான் முதலில் எடுப்பேன். உள்ளே வருபவர் முதலில் ஒரு அடியைத் தாங்கவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. ஹெச்பி ஏறுவது டர்ன் முடிவில். அதற்குள் சுருண்டுவிட்டால் விஷ் காற்றில் போகும்.

மற்றவை, வேகமாக

சிந்தசிஸ், மூன்லைட், மார்னிங் சன் மூன்றும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு, வானிலை எதுவும் இல்லையென்றால் பாதி, மழை, மணற்புயல், பனியில் கால்வாசி. நம் ஹீலிங்கின் சாவியை எதிராளி கையில் கொடுப்பது மாதிரி. வெயில் டீம் ஆடுபவர் தவிர மற்றவர்களுக்கு இது வேறு வழியில்லாத தேர்வு. அம்ப்ரியானுக்கு மூன்லைட்டும் விஷ்ஷும் இரண்டும் வரும். நான் யோசிக்காமல் விஷ் போடுவேன்.

ஸ்ட்ரெங்த் சாப்தான் எனக்கு மிகப் பிடித்தது, ஆனால் எல்லாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். எதிரியின் அட்டாக் எவ்வளவோ அவ்வளவு ஹெச்பி நமக்கு ஏறும், அதோடு அவரது அட்டாக் ஒரு படி இறங்கும். அட்டாக்கை முழுக்க வளர்த்த கார்சோம்பின் எதிரே 359 ஹெச்பி. பெரும்பாலான போகிமானுக்கு அது முழு வயிறு. அவர் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடியிருந்தால் இன்னும் நல்லது. அதே மூவை கெங்கார் மாதிரி அட்டாக்கை விட்டு ஸ்பெஷல் அட்டாக் என்ற வேறு பலத்தை நம்பும் ஒன்றின் எதிரே போட்டால் 121-தான் கிடைக்கும், ஏனென்றால் அவர்கள் அட்டாக் ஐவியை (பிறவியிலேயே வரும் புள்ளி) வேண்டுமென்றே பூஜ்யத்தில் வைத்திருப்பார்கள். பணக்காரன் வீட்டில் மட்டும் பலிக்கும் திருட்டு இது.

எதிரணி இந்த எல்லாவற்றையும் எப்படி முறிக்கும் என்பதையும் தேர்வுக்கு முன் பார்த்துவிடவேண்டும். அடிக்காத மூவ்களைத் தடுக்கும் டான்ட் விழுந்தால் மூன்று டர்னுக்கு ரெக்கவர், ரூஸ்ட், ரெஸ்ட், ஸ்ட்ரெங்த் சாப் எதுவுமே போடமுடியாது. முந்தைய டர்னில் போட்டுவிட்ட விஷ் மட்டும் தன் வேலையைச் செய்யும். கிகா டிரெய்ன், டிரெய்ன் பஞ்ச் மாதிரி அடித்த அடியில் பாதியை உறிஞ்சும் மூவ்கள் அட்டாக் வகை என்பதால் டான்ட் அவற்றைத் தொடாது. ஆனால் சைக்கிக் நாய்ஸ் பட்டால் இரண்டு டர்னுக்கு அந்த உறிஞ்சலும் சேர்த்து அடைபடும்.

ரிவைவல் பிளெஸ்ஸிங்கை ஒப்பீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். இது ஹீலிங்கையும் தாண்டியது. விழுந்துவிட்ட ஒரு போகிமானைப் பாதி ஹெச்பியோடு எழுப்பிவிடும். பிபி ஒன்றே ஒன்று, ஏற்றவும் முடியாது. பாமாட்டுக்கும் ராப்ஸ்காவுக்கும் கிடைக்கிறது. ஆறுபேர் டீம் ஏழுபேர் டீம் ஆவது போலத்தான், ஆனால் அதைப் போடும் டர்னில் பாமாட் உயிரோடு நிற்கவேண்டுமே. அடி தாங்கும் உடம்பில்லை அதற்கு. போட்டுவிட்டால் ஆட்டம் திரும்பும். போடுவதற்குள் பல சமயம் பாமாட்டையே எழுப்ப ஆள் தேடவேண்டியிருக்கும்.

எங்கே ஆடுகிறீர்கள்?

இரண்டுக்கு இரண்டு ஆட்டமென்றால் மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் இரண்டால் பெருக்குங்கள். ஒரே டர்னில் இரண்டுபேர் நம்மேல் பாய்வார்கள், 50 சதவீத ஏற்றம் அங்கே எடுபடாது. பக்கத்தில் நிற்பவருக்கு ஏற்றிவிடும் மூவ்கள்தான் அங்கே பிழைக்கின்றன. தோழர்மேல் பாலன் பஃப் போட்டால் அவருக்குப் பாதி ஹெச்பி, எதிரிமேல் போட்டால் அடி. ஒரே இடத்தில் இரண்டு வேலை. சினிஸ்ட்சா இன்னும் ஒரு படி மேலே: ஹாஸ்பிடாலிட்டி அபிலிட்டியால் உள்ளே நுழைந்தவுடனே, டர்ன் எதுவும் செலவழிக்காமல், பக்கத்தில் இருப்பவருக்குக் கால்வாசி ஏற்றிவிடுகிறது. டர்னே விலையாக இருக்கும் ஒரு சந்தையில் இலவசமாகக் கிடைப்பதை விடுவார்களா?

கதை ஆட்டத்தை மட்டும் ஆடுபவர் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பையில் ஹைப்பர் போஷன் இருக்கிறது. அதுவும் ஒரு டர்ன்தான் எடுக்கிறது, மூவ் இடத்தைத் தின்பதில்லை. அங்கே ரெக்கவருக்கு ஒரு இடத்தை ஒதுக்குவதைவிட கிகா டிரெய்ன் போட்டு அடித்துக்கொண்டே ஏறுவது மேல். நாலுபேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை அடிக்கும் டெரா ரெய்டில் பை கிடையாது, ஆனால் பதில் அதேதான். பெரிய உடம்பான அயர்ன் ஹேண்ட்ஸ், பாதி ஹெச்பியைக் கொடுத்து அட்டாக்கை உச்சத்துக்கு ஏற்றும் பெல்லி டிரம் அடித்துவிட்டு டிரெய்ன் பஞ்ச் போடும்போது, இழந்த பாதி ஹெச்பி ஒன்றிரண்டு குத்தில் திரும்பி வருவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஐட்டம் தொடமாட்டேன் என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டு கதையை ஆடுபவர்கள் மட்டும் ரெக்கவர் பக்கம் வரட்டும்.

ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டத்தில் இப்போது என் டீமில் ஆலமமோலாவிடம் விஷ், டிராகோனைட்டிடம் ரூஸ்ட், டோண்டோஸோவிடம் ரெஸ்ட், ஸ்லீப் டாக். ரெக்கவர் போட்ட ஆள் ஒருவர்கூட இல்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன். கார்விநைட்டும் ரூஸ்டோடு இன்னும் இருக்கிறது. டிங்-லூ வந்தால் மட்டும் அதை வெளியே அழைத்துவிடுகிறேன்.